பாசி வளர்க்க நிலம் உண்டா?



குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கி விழுந்தவர் எவரும் பாசியைப் புகழ்ந்து பேசக் கேட்டதில்லை. உழவருக்கு அது சேற்றோடு சேர்ந்த பொருள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவோருக்கோ அது ஒரு தொல்லை. ஆயினும், கடந்த எழுபது எண்பது ஆண்டுகளாக உலகின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் இந்தப் பாசியை ஒரு செல்வமாக மதித்து வருகின்றன. உணவு, எண்ணெய், தீவனம், எரு ஆகிய நான்கையும் அது தரவல்லது என்கின்றனர் அறிஞர். அதற்கு நல்ல விளைநிலம் தேவையில்லை என்றும், பயனற்றுக் கிடக்கும் தரிசும் உப்புத் தண்ணீரும் இருந்தாலே போதும் என்றும் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர்.

இந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இன்று ஆராய்வோம். உலகம் முழுவதையும் ஒரே பேச்சில் அளந்துவிட இயலாது. ஆதலின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையே நம் கரும்பலகையாகக் கொள்வோம். கணக்கு நோட்டும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் கற்பனை குறைவு, கணக்கு மிகுதி.

முதலில், நுண்பாசி என்பது யாது? வேர், தண்டு, இலை என்ற பாகுபாடு இல்லாமல், பெரும்பாலும் ஒரே உயிரணுவாலோ, சில உயிரணுக்கள் கோத்த இழையாலோ ஆன உயிர் அது. கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாது. கோடிக்கணக்கில் கூடும்போதுதான் தண்ணீர் பச்சையாகத் தோன்றும். மரஞ்செடி கொடிகளைப் போலவே சூரிய ஒளியின் துணையால் கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளியிடும்.

இத்துறையில் நம் சென்னை உலகப் புகழ் பெற்றது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார் (1886-1963) சென்னையில் பணியாற்றியவர். ஈர மண்ணில் வாழும் ஒரு பாசியைக் கண்டறிந்து, அதற்கு லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ச் அவர்களின் பெயரைச் சூட்டி, 1932-ஆம் ஆண்டில் அவர் உலகுக்கு அறிவித்தார். அவர்தம் மாணவர் பரம்பரையில் வந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூல் பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் கைநூலாயிற்று. நீலப்பச்சைப் பாசி என நாம் வழங்குவது, நுட்பமாக நோக்கின், பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஒளியால் உணவு சமைக்கும் தன்மையால் பாசி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இன்னொரு செய்தி. திண்டிவனத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத திருவக்கரையில், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணுள் புதையுண்ட மரங்கள் கல்லாகிக் கிடப்பதைக் காணலாம். அங்கே மரம் கல்லாயிற்று. பழங்காலக் கடல்களின் அடியில் புதைந்த நுண்பாசிகளோ, நெடுங்காலம் அழுத்தமும் வெப்பமும் பெற்றுப் பெட்ரோலிய எண்ணெய் ஆயின. இன்று நாம் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி அத்தகைய நுண்ணுயிர்களின் எச்சமே. இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்த வேலையை நாம் ஒரு குளத்தில் ஒரே ஆண்டில் செய்துவிட முடியுமா என்பதே பாசி எண்ணெய் ஆராய்ச்சியின் அடிப்படைக் கேள்வி.

இனிக் கணக்கைத் தொடங்குவோம். திறந்தவெளிக் குளங்களில் நன்கு பேணி வளர்க்கும் நுண்பாசி, ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குப் பத்து கிராம் உலர்ந்த பொருளைத் தரும் என்று கொள்வது நியாயமான அளவு. சில நாட்களில் இதனினும் பன்மடங்கு கிடைப்பதுண்டு. ஆனால், ஒரு மாணவன் ஒரு நாள் வாங்கிய நூறு மதிப்பெண்ணைக் கொண்டு அவனது ஆண்டுச் சராசரியைச் சொல்ல முடியாது அன்றோ? வடகிழக்குப் பருவமழையால் குளம் நீர்த்துப்போகும் நாட்களைத் தள்ளி, ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அப்படியாயின் நாளொன்றுக்கு 100 கிலோ. ஆண்டுக்கு 30 டன் உலர்ந்த பாசி. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று கொண்டால் 6 டன் எண்ணெய்.

இதை நம் நிலக்கடலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திண்டிவனம் என்றவுடன் வேளாண்மை அறிந்தோர் நினைவுக்கு வருவது நிலக்கடலையே. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டி.எம்.வி.' வகைகளின் பெயரிலேயே திண்டிவனம் அடங்கியிருக்கிறது. ஒரு ஹெக்டேரில் இரண்டு டன் காய் விளைந்தால், அதில் பருப்பு ஏறத்தாழ 1,400 கிலோ. அதில் எண்ணெய் ஏறத்தாழ 650 கிலோ. பாசியோ அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் தருகிறது. காகிதத்தில் பார்த்தால் பாசியின் வெற்றி கண்கூடு.

ஆனால் நிலம் காகிதம் அன்று. நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: எந்த நிலம்? எந்தத் தண்ணீர்? எந்த எரு? எடுப்பது எப்படி?

முதற்கேள்வி நிலத்தைப் பற்றியது. பாசிக்கு வளமான மண் தேவையில்லை என்பது உண்மை. அது மண்ணில் வேரூன்றுவதில்லை. எனினும் நிலம் சமதளமாக இருத்தல் வேண்டும். தண்ணீர் கசியாமல் இருத்தல் வேண்டும். வெயில் மறைப்பின்றி விழ வேண்டும். தண்ணீர் அருகில் இருத்தல் வேண்டும். செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும், சரிவான செம்மண் மேடுகளும் இதற்கு ஏற்றவை அல்ல. சமன்படுத்தி, அடியில் விரிப்பு இட்டு, கரை கட்டினால் ஆகும். ஆனால் செலவு பெருகும்.

அங்ஙனமாயின், தரிசு என்று பதிவேட்டில் கண்ட நிலம் யாவும் கிடைக்குமா? இங்கே சொற்களின் பொருளை நாம் கவனிக்க வேண்டும். புறம்போக்கு என்றால் யாருக்கும் பயன்படாத நிலம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. அரசுக்குத் தீர்வை செலுத்தும் கணக்கிற்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாட்டை, களம், மயானம் எல்லாம் அதில் அடங்கும். தீர்வை தராத நிலம் வேறு. பயன் தராத நிலம் வேறு. ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு மேய்ச்சல் புறம்போக்கே சொத்து. விறகு பொறுக்கும் மூதாட்டிக்குச் சீமைக்கருவேலங் காடே அடுப்புக்கு ஆதாரம். ஏரிக்கு நீர் வரும் வரத்துப் பரப்பை மூடிக் குளம் வெட்டினால், கீழே உள்ள நன்செய் காய்ந்துபோகும்.

இந்தப் பாடத்தை நம் நாடு ஒருமுறை காட்டாமணக்கின் மூலம் கற்றது. 2003-ஆம் ஆண்டில் திட்டக் குழுவின் அறிக்கை ஒன்று, தரிசு நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிட்டு டீசலுக்கு மாற்று எண்ணெய் எடுக்கலாம் எனப் பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் எரிபொருளில் இருபது விழுக்காடு உயிரி எரிபொருளாக வேண்டும் என்று குறி வைத்தது. அந்தக் குறி எட்டப்படவில்லை. தண்ணீரும் எருவும் இல்லாத தரிசில் செடி உயிரோடு நின்றது. ஆனால் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. உயிர் பிழைத்தல் வேறு, விளைச்சல் தருதல் வேறு என்பதை அது காட்டிற்று.

இனி, கடற்கரைப் பக்கம் செல்வோம். பழந்தமிழ் இலக்கியம் பயில்வோர் இவ்வட்டாரத்தை ஓய்மாநாடு என்று அறிவர். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் பகுதியே என்பர் ஆய்வாளர். அந்த மரக்காணத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் உப்பளங்கள் உள்ளன. சமதளம், கடும் வெயில், உப்பங்கழித் தண்ணீர், பாத்தி கட்டத் தெரிந்த தொழிலாளர் ஆகிய யாவும் அங்கே உண்டு. பாசி வளர்ப்பவர் கண்ணுக்கு அது ஆயத்தமான களமாகவே தோன்றும்.

அதன் அருகில்தான் கழுவெளி இருக்கிறது. மழைக்காலத்தில் நன்னீரும், கோடையில் உவர்ப்பும் கொண்டு, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு தொடர்புடைய பரந்த சதுப்புநிலம் அது. கோடையில் அதன் வறண்ட பகுதிகளைக் கண்டவர், ஒன்றுக்கும் உதவாத வெளி என்று கருதக்கூடும். ஆனால் மழை பெய்ததும் பல்லாயிரம் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஒருவர் கண்ணுக்கு வீண்வெளியாகப் பட்டது, சட்டத்தின் கண்ணில் பாதுகாக்கத்தக்க செல்வம் ஆயிற்று. தரிசு என்ற சொல்லை எழுதுமுன், அந்நிலத்தை ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் பார்த்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். பாசிக் குளத்தின் ஆழம் சாதாரணமாக இருபது சென்டிமீட்டர் அளவே. ஒரு ஹெக்டேர் குளத்தை ஒருமுறை நிரப்ப 20 இலட்சம் லிட்டர் வேண்டும். நம் பகுதி வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று கொண்டால், ஹெக்டேருக்கு நாள்தோறும் 50,000 லிட்டர் வானத்துக்குப் போய்விடும். முந்நூறு நாளில் ஒன்றரைக் கோடி லிட்டர்! அதாவது 1,500 மில்லிமீட்டர். இம்மாவட்டத்தின் ஓர் ஆண்டு மழையோ ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் அளவினதே.

"கடல்நீரை ஊற்றினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு குளத்திலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் கடல்நீரை ஈடு செய்துகொண்டே வந்தால், நாற்பது நாளில் 200 மில்லிமீட்டர் கடல்நீர் சேரும். அது குளத்தின் முழு ஆழத்துக்குச் சமம். அதாவது, நாற்பதே நாளில் குளத்தின் உப்பு இரட்டிப்பாகிவிடும். எண்பது நாளில் மும்மடங்கு. உப்பளத்தில் உப்பு விளைவதும் இதே முறையில்தான் அன்றோ? ஆகையால், உப்புநீர்ப் பாசிக்கும் நன்னீரால் ஈடு செய்ய வேண்டும்; அல்லது பழைய நீரை வெளியேற்றிப் புதுக் கடல்நீர் பாய்ச்ச வேண்டும். வெளியேற்றும் உவர்நீர் கழனியில் பாயாமலும், கிணற்று ஊற்றைக் கெடுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி எரு. பாசி காற்றைக் குடித்து வளரும் மாய உயிர் அன்று. அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நைட்ரஜன். முப்பது டன் பாசிக்கு 2,100 கிலோ நைட்ரஜன் வேண்டும். யூரியாவில் நைட்ரஜன் நூற்றுக்கு 46 பங்கு. கணக்கிட்டால் ஏறத்தாழ 4,560 கிலோ யூரியா. 45 கிலோ கொண்ட மூட்டை நூறு! நம் நெற்பயிருக்கு ஒரு போகத்துக்குப் பரிந்துரைக்கப்படும் நைட்ரஜன் ஹெக்டேருக்கு 150 கிலோ அளவுதான். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து நைட்ரஜனை மீட்டுத் திரும்பக் குளத்தில் இடலாம். ஆயினும் முழுவதும் மீளாது. கரியமில வாயுவும் ஒரு கிலோ பாசிக்கு ஏறத்தாழ 1.8 கிலோ வேண்டும். காற்றிலிருந்து தானே கரைவது விரைவான வளர்ச்சிக்குப் போதாது. முண்டியம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள சர்க்கரை ஆலைகளின் புகைபோக்கிகளை ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு நோக்குவது இதனாலேயே. ஆனால் அரைவைப் பருவம் முடிந்தால் அந்தப் புகையும் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் மிகுதியாகச் சேர வேண்டுமானால், பல பாசிகளுக்கு நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட வேண்டும். பட்டினி போட்டால் வளர்ச்சி குறையும். கொழுத்தும் இருக்க வேண்டும், விரைவாகவும் வளர வேண்டும் என்றால் பாசி இசைவதில்லை.

நான்காவது கேள்வி அறுவடை. ஒரு லிட்டர் குளத்து நீரில் உலர்ந்த எடையில் அரை கிராம் பாசியே இருக்கும். ஒரு கிலோ பாசி எடுக்க 2,000 லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். குளோரெல்லா போன்ற பாசிகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ளவை. துணியில் நில்லாமல் நழுவிவிடும். அவற்றைப் பிரிக்கச் சுழல் இயந்திரமும் மின்சாரமும் வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் அமெரிக்க அரசின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று 1978 முதல் 1996 வரை பதினெட்டு ஆண்டுகள் ஆராய்ந்தது. நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்னும் ஊரில் பெரிய குளங்கள் வெட்டிப் பாசி வளர்த்தனர். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை கிடைத்தது. ஆனால் ஆண்டுச் சராசரி அதில் சிறு பங்காகவே நின்றது. பாசியிலிருந்து எண்ணெய் எடுக்க முடியும், ஆனால் பெட்ரோலிய விலையோடு போட்டியிட முடியாது என்ற முடிவோடு அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

சரி, செலவை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு நிலத்தை மட்டுமே எண்ணிப் பார்ப்போம். இந்தியா ஓர் ஆண்டில் 20 கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் பயன்படுத்துகிறது. ஹெக்டேருக்கு 6 டன் வீதம் அதைப் பாசியால் ஈடு செய்ய மூன்று கோடியே முப்பது இலட்சம் ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒரு கோடியே முப்பது இலட்சம் ஹெக்டேர்தான். மலை, காடு, ஊர், கோயில் அனைத்தையும் குளமாக்கினாலும் இரண்டரைத் தமிழ்நாடு வேண்டும்! பாசி எண்ணெயால் நாட்டின் தேவை முழுவதும் தீரும் என்று யாரேனும் கூறினால், இந்தப் பெருக்கல் கணக்கை அவர் முன் வையுங்கள்.

இதனால் பாசி பயனற்றது என்று நான் சொல்ல வந்ததாக எண்ண வேண்டாம். குதிரையை உழவுக்குக் கட்டிவிட்டு, அது மாட்டைப்போல் உழவில்லையே என்று குறை கூறுவது முறையன்று. பாசிக்கு உரிய வேலை எது என்று காண்பதே அறிவு.

முதல் வேலை உணவு. ஸ்பைருலினா என்ற சுருள் வடிவ நீலப்பச்சைப் பாசியை மெக்சிகோவின் பழங்குடி மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்தும், ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரை மக்கள் தங்கள் குட்டைகளிலிருந்தும் எடுத்து உண்டனர். அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். சோடா உப்புக் கலந்த காரத் தண்ணீரில் அது வளர்வதால் வேறு உயிர்கள் எளிதில் புகுவதில்லை. இழையாக இருப்பதால் மெல்லிய துணியிலேயே வடிகட்டிவிடலாம். நம் வெப்பமோ அதற்கு மிக உகந்தது. சென்னையில் டாக்டர் சி. வி. சேஷாத்திரி தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமப் பெண்கள் கையாளத்தக்க எளிய வளர்ப்பு முறைகளை உருவாக்கிற்று. பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் அடையாளங்கள் குறைவதையும் அம்மையம் ஆய்ந்து அறிவித்தது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஆரோவில்லில் ஸ்பைருலினாப் பண்ணை உண்டு.

இப்பொழுது மீண்டும் பென்சிலை எடுங்கள். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம். ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 100 கிலோ. சதுர மீட்டருக்குப் பத்து கிராம் வீதம் அதற்கு வேண்டிய பரப்பு பத்தாயிரம் சதுர மீட்டர். அதாவது ஒரே ஒரு ஹெக்டேர். மழைக்கால நட்டத்தை ஈடு செய்யச் சற்றுக் கூட்டிக்கொண்டாலும் நான்கு ஏக்கரைத் தாண்டாது. வண்டிகளை ஓட்ட இரண்டரைத் தமிழ்நாடு. ஓர் இலட்சம் குழந்தைகளின் கண்ணைக் காக்க நான்கு ஏக்கர்! ஒரே பாசி, ஒரே கணக்கு. நோக்கம் மாறியவுடன் விடை எவ்வளவு மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கிராம் பாசி சோற்றுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் மாற்று ஆகாது. அது துணையே. தூய்மையற்ற குளத்தில் நச்சுப் பாசிகள் கலந்துவிடக்கூடும். ஆதலால் சோதனை செய்யாத பாசியைக் குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் இதே வைட்டமின் சத்துக்கு வழி என்பதை மறந்துவிடவும் கூடாது.

இரண்டாவது வேலை உப்பளத்தைச் சார்ந்தது. டுனலியெல்லா என்ற பாசி, மற்ற உயிர்கள் தாங்கமாட்டாத செறிந்த உவர்நீரில் வாழும். உப்புப் பாத்திகள் சில வேளை செந்நிறம் கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதில் மிகுதி. ஆஸ்திரேலியாவில் ஹட் லகூன் என்னுமிடத்தில் இதைப் பெருமளவில் வளர்க்கின்றனர். மேலே சொன்ன உப்புப் பெருக்கம் இந்தப் பாசிக்குத் தடையன்று, துணையே ஆகும். மரக்காணத்து உப்புத் தொழிலாளருக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. உப்பளத்தை அழிக்காமல், சில பாத்திகளில் மட்டும் இதனைச் சோதித்துப் பார்த்து, அதன் வருவாயில் அவர்களுக்கும் பங்கு கிடைக்கச் செய்தால் அது ஆராயத்தக்க முயற்சியாகும்.

மூன்றாவது வேலை கழிவுநீரைத் திருத்துவது. வளரும் நகரங்களின் சாக்கடை நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்துள்ளன. கலிபோர்னியாவில் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டு 1950-களிலிருந்தே இதற்கெனப் பாசிக் குளங்களை வகுத்தார். பாசி பிராணவாயுவைத் தர, பாக்டீரியா அழுக்கைச் சிதைக்க, சிதைந்ததைப் பாசி உண்கிறது. நூறு மூட்டை யூரியாவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. இத்தகைய பாசி உணவுக்கு ஆகாது. எருவுக்கும் சாண எரிவாயுக் கலன் போன்ற கலன்களுக்கும் ஆகும்.

நான்காவது வேலை நம் நன்செயிலேயே நடந்து வருகிறது. நெல் வயலில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கின்றன என்பதை 1939-ஆம் ஆண்டில் பி. கே. டே என்ற இந்திய அறிஞர் மெய்ப்பித்தார். 1950-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். என். சிங், நீலப்பச்சைப் பாசியைக் கொண்டே உவர்க்களர் நிலத்தைத் திருத்தலாம் என்று காட்டினார். கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கல்வியால் மனிதன் திருந்துவது போல், கவனத்தால் களரும் திருந்தும் என்பதற்கு இப்பாசி சான்று. இதற்குப் புதிதாக நிலம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இது. எரிபொருளுக்காக எல்லையற்றுப் பாசி வளர்க்க விழுப்புரத்திலும் நிலம் இல்லை, நாட்டிலும் இல்லை. உணவுக்கும் மருந்துச் சத்துக்கும் கழிவுநீர்த் திருத்தத்துக்கும் வேண்டிய நிலம் தாராளமாக உண்டு. அது மேய்ச்சலையும் ஏரி வரத்தையும் கழுவெளியையும் தொட வேண்டிய தேவை இல்லாத அளவுக்குச் சிறிது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே தென்னார்க்காட்டு மண்ணில் நிலக்கடலை பரவத் தொடங்கியது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே அது பிரான்சுக்குக் கப்பலேறியது. பணம் வந்தது உண்மை. அயல்நாட்டு விலை இறங்கியபோதெல்லாம் இங்குள்ள உழவர் வருந்தியதும் உண்மை. புதிய விளைபொருள் எது வந்தாலும், யார் நிலம், யார் தண்ணீர், யாருக்கு வருவாய் என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். நேரான ஓரமுள்ள அகன்ற பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்து, நாள்தோறும் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். நான் சொன்ன ஐந்து மில்லிமீட்டர் உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்கள் ஊரில் புறம்போக்கு என்று சொல்லப்படும் ஓரிடத்தைத் தேர்ந்து, காலை முதல் மாலை வரை அங்கே யார் யார் வருகின்றனர், எதற்காக வருகின்றனர் என்று பட்டியல் எழுதுங்கள். ஆடு மேய்ப்பவரையும், சுள்ளி பொறுக்குபவரையும், பந்து விளையாடும் சிறுவரையும், வந்திறங்கும் கொக்கையும் விடாமல் எழுதுங்கள்.

நாளை உங்களில் ஒருவர் பாசி ஆராய்ச்சியாளராகலாம். ஒருவர் வட்டாட்சியராகி அந்த நிலத்தைப் பற்றிக் கையெழுத்திட நேரலாம். அப்பொழுது அந்த இரண்டு பட்டியல்களும் உங்கள் மேசை மேல் இருக்கட்டும்.